வராத நிலக்கரிக் கப்பல்: சில்வர் ஐலெட் சுரங்கம் ஏன் மூழ்கியது?

இன்னைக்குக் கனடாவுக்குப் போறோம். சுப்பீரியர் ஏரியின் வடகரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாறை. அதுக்குள்ள ஒரு வெள்ளிச் சுரங்கம். பேரு சில்வர் ஐலெட்.

இந்தச் சுரங்கத்தைப் பற்றி எங்கே தேடினாலும் முதலில் வருவது அதன் மரணக் கதைதான். 1883-ஆம் வருடக் கடைசி. ஏரி உறையப் போகிறது. சுரங்கத்தில் பம்ப் ஓட நிலக்கரி வேண்டும். நிலக்கரி ஏற்றிய கப்பல் கிளம்பிவிட்டது, ஆனா வந்து சேரவில்லை. வழியிலேயே பனியில் மாட்டிக்கொண்டது. கேப்டன் குடித்துவிட்டு எங்கேயோ நாளைக் கழித்தார் என்று ஒரு உபகதையும் உண்டு. 1884-இன் தொடக்கத்தில் கையிருப்பு நிலக்கரி தீர்ந்தது, பம்ப் நின்றது, ஏரி உள்ளே இறங்கியது. 384 மீட்டர் ஆழச் சுரங்கம் முழுகிப் போச்சு. அதுக்கப்புறம் அங்கே அடியில் சுரங்க வேலை மறுபடி தொடங்கவே இல்லை.

சூப்பரான கதை, இல்லையா? ஒரு குடிகாரர், ஒரு கப்பல், ஒரு ஏரி. ஆனா என் வேலை சாஃப்ட்வேர். எங்க ஊர்ல சர்வர் ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்தா, அடுத்த நாள் போஸ்ட்மார்ட்டம் மீட்டிங் போடுவாங்க. அந்த மீட்டிங்ல "இதுக்குக் காரணம் இன்னார்தான்"னு ஒருத்தர் பேரோட ரிப்போர்ட் முடிஞ்சா, அந்த ரிப்போர்ட் தப்புன்னு அர்த்தம். ஒரே ஒரு ஆள் சொதப்பினதுக்கே மொத்த சிஸ்டமும் விழுந்ததுன்னா, அது ஏற்கெனவே விழுகிற நிலைமையில இருந்திருக்கு. சில்வர் ஐலெட் விஷயத்திலும் அதேதான். இந்தச் சுரங்கத்தைக் கொன்னது கப்பல் இல்லைங்கிறது என் கட்சி. ஏன்னு சொல்லணும்னா பாறையிலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

முதலில் இடம். சுப்பீரியர் ஏரின்னா நம்ம வீராணம், போரூர் மாதிரி நினைச்சுக்காதீங்க. பரப்பளவு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். அலை அடிக்கும், புயல் வரும், கப்பல் முழுகும். பெயருக்குத்தான் ஏரி, சுபாவத்தில் கடல். கோடையிலும் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். அதன் வடமேற்கு மூலையில், இன்றைய தண்டர் பே நகரத்துக்கு எதிரே, ஒரு தீபகற்பம் நீட்டிக்கொண்டு இருக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மனுஷன் மல்லாந்து படுத்திருப்பது போலத் தெரியும். அதனால் அதுக்கு 'தூங்கும் ராட்சசன்' என்று பெயர். அந்த ராட்சசனின் கால்மாட்டில், கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி, தண்ணீருக்கு மேல் தலைகாட்டிக்கொண்டிருந்த ஒரு மொட்டைப் பாறைதான் நம்ம ஆள். எந்தப் பக்கம் அளந்தாலும் 25 மீட்டருக்குள் அடங்கிவிடும். உயரம் தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டர். ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலைத் தூக்கி ஏரியில் வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. பெரிய அலை வந்தால் பாறை முழுசா நனையும். 'மண்டையோட்டுப் பாறை' என்று அதுக்கு ஒரு பழைய பெயரும் உண்டு.

இந்தப் பாறையும் அதைச் சுற்றியிருந்த நிலமும் மான்ட்ரியல் மைனிங் கம்பெனி என்ற நிறுவனத்தின் கையில் இருந்தன. 1840-களிலேயே வாங்கியவை. வாங்கிப் போட்டுவிட்டு இருபது வருடம் கண்டுகொள்ளவே இல்லை. இ.சி.ஆர். ரோட்டில் மனை வாங்கிப் போட்டு, வேலிகூடப் போடாம விடுவாங்களே, அந்த மாதிரி. சும்மா கிடக்கும் சுரங்க நிலத்துக்கு ஒன்டாரியோ அரசு வரி போட்ட பிறகுதான் கம்பெனிக்கு முழிப்பு வந்தது. வரி கட்டப் போகிறோம், அங்கே என்னதான் இருக்கு என்று பார்த்துவிடலாம் என்று 1868-இல் தாமஸ் மக்ஃபார்லேன் என்ற புவியியலாளரை அனுப்பினார்கள்.

அவருடைய ஆட்கள் நிலத்தின் எல்லைகளை அளந்துகொண்டே வந்தபோது இந்தப் பாறையிலும் ஏறினார்கள். பாறையின் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. அதில் ஈயத் தாது மின்னியது. மக்ஃபார்லேன் அந்தக் கோட்டைக் கவனிக்கச் சொன்னார். ஜான் மார்கன் என்ற சுரங்கத் தொழிலாளி தண்ணீர் விளிம்பில் உலோகக் கட்டிகளைப் பார்த்தார். வெள்ளி. தாதுவாகக்கூட இல்லை, உலோகமாகவே. கோட்டைத் தொடர்ந்து பார்த்தால் அது தண்ணீருக்குள் இறங்கிப் போயிருந்தது. தண்ணீருக்கு அடியில் வெள்ளி கறுத்துப் போய்ப் பாறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் குளிர்ந்த தண்ணீரில் நின்று, கடப்பாரையால் நெம்பி நெம்பி எடுத்தார்கள். காற்று அடித்தால் அன்றைக்கு வேலை இல்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். கனிமங்கள்ல பெரும்பாலானவை தாதுவாகத்தான் கிடைக்கும். உலோகம் வேற எதோடவாவது கூட்டணி போட்டிருக்கும், நாம உருக்கிப் பிரிக்கணும். வெள்ளியும் பெரும்பாலும் கந்தகத்தோடயோ ஈயத்தோடயோதான் இருக்கும். தனி உலோகமா, கம்பி கம்பியா, கிளை கிளையா கட்டியாகிக் கிடக்கிறதுன்னா அங்கே என்னமோ விசேஷமா நடந்திருக்கு.

நடந்தது இதுதான். சுமார் 180 கோடி வருடங்களுக்கு முன்னால் இந்த இடம் ஒரு கடல். அடியில் கறுப்புச் சேறு படிந்தது. அந்தச் சேறு இறுகி, 'ஷேல்' என்று சொல்கிற, அடுக்கடுக்காகப் பெயரும் களிப்பாறை ஆனது. கறுப்பு ஏன்னா, அதுல கார்பன். அன்றைய கடலில் இருந்த நுண்ணுயிர்களின் மிச்சம்.

அதுக்கப்புறம் 70 கோடி வருடம் வேகமா ஓட்டிடலாம். இன்றைக்கு 110 கோடி வருடங்களுக்கு முன், வட அமெரிக்கக் கண்டம் நடுவில் பிளக்கப் பார்த்தது. பூமிக்கு அடியிலிருந்து எரிமலைக் குழம்பு மேலே வந்து, கிடைத்த விரிசலில் எல்லாம் புகுந்தது. செங்குத்தான ஒரு விரிசலில் புகுந்து உறைந்த குழம்பு, ஷேலுக்கு நடுவே ஒரு கருங்கல் மதில் மாதிரி நிற்கும். இதை 'டைக்' என்பார்கள். சில்வர் ஐலெட் என்கிற பாறையே அப்படி ஒரு டைக்கின் முதுகுதான். மென்மையான ஷேலை ஏரி கரைத்துக்கொண்டு போய்விட்டது, கடினமான மதில் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

கண்டம் கடைசியில் பிளக்கவில்லை. பாதியில் கைவிட்ட ப்ராஜெக்ட். ஆனா பிளக்கப் பார்த்த இடம் பள்ளமாகத் தொய்ந்துபோனது. ரொம்பப் பின்னால் பனியாறுகள் அந்தப் பள்ளத்தைச் சுரண்டி ஆழமாக்கி, தண்ணீர் நிரம்பி, அதுதான் சுப்பீரியர் ஏரி. எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச இடம் இதுதான். வெள்ளிக்கு வீடு கட்டிக் கொடுத்ததும், பின்னால அதை முழுகடிச்ச ஏரிக்குக் குழி வெட்டிக் கொடுத்ததும் ஒரே சம்பவம்.

சரி, வெள்ளி எப்படி வந்தது? டைக் உறைந்த பிறகு நிலம் மறுபடி அசைந்தது. டைக்கையும் ஷேலையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியாகச் சூடான உப்புத் தண்ணீர் மேலே வந்தது. உப்புத் தண்ணீருக்கு உலோகத்தைக் கரைத்துச் சுமக்கிற சாமர்த்தியம் உண்டு. வெள்ளி, நிக்கல், கோபால்ட், ஆர்செனிக் எல்லாம் அதில் கரைந்து வந்தன. மென்மையான ஷேலில் பிளவு இறுக்கமாக மூடிக்கொள்ளும். கடினமான டைக்கில் பிளவு வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதனால டைக்குக்குள் மட்டும் தண்ணீர் நின்று நிதானித்து, கால்சைட்டையும் குவார்ட்ஸையும் படிய வைத்தது. அந்த வெள்ளைக் கோட்டைத்தான் சுரங்கக்காரர்கள் 'நரம்பு' என்கிறார்கள். வெள்ளி தனி உலோகமாகப் படிந்ததுக்கு இன்னொரு கை வேண்டும். கரைசலில் இருக்கும் வெள்ளிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து உலோகமாக்க ஒரு ஆள் வேண்டும், நம்ம ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில் படித்த ஒடுக்கம்தான். இந்த மாதிரி வெள்ளி-கோபால்ட்-நிக்கல் நரம்புகளை ஆராய்ந்தவர்கள் முன்வைக்கும் ஒரு விளக்கம், அந்தக் கறுப்பு ஷேலிலிருந்து வந்த மீத்தேனும் கார்பனும்தான் அந்த வேலையைச் செய்தன என்பது. இதை மனசுல வச்சுக்கோங்க, சுரங்கத்துக்குள்ள போனதும் இந்த வாயு திரும்ப வரும்.

இப்போ பொறியியல் கண்ணால் பாருங்க. நரம்பு நீளமாக ஓடுகிறது, ஆனா டைக்கை வெட்டுகிற அந்தக் கொஞ்ச தூரத்தில் மட்டும்தான் வெள்ளி. இந்தப் பக்கம் ஷேல், அந்தப் பக்கம் ஷேல், ரெண்டுலயும் ஒண்ணுமில்ல. அந்தக் கொஞ்ச தூரத்திலும் வெள்ளி சீராகப் பரவியிருக்கவில்லை. பலாப்பழத்துக்குள் சுளை இருப்பது போல அங்கங்கே கொத்தாக. ஒரு கொத்து தீர்ந்தால் அடுத்தது எங்கே, இருக்கா இல்லையா என்று தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். இதுதான் இந்தச் சுரங்கத்தின் ஜாதகம். 1868-இல் அதைப் படிக்க யாருக்கும் வழி இல்லை.

மான்ட்ரியல் கம்பெனிக்குப் பயம் வந்துவிட்டது. வெள்ளி இருக்கு, ஆனா ஏரிக்கு நடுவில் இருக்கு. தோண்ட வேண்டுமானால் முதலில் ஏரியைத் தள்ளி நிறுத்தணும். எவ்வளவு செலவாகும் என்றே கணக்குப் போட முடியவில்லை. 1870-இல் இந்தப் பாறையோடு சேர்த்து வடகரையில் இருந்த நிலங்களையும் 2,25,000 டாலருக்கு அமெரிக்க முதலீட்டாளர்களிடம் விற்றுவிட்டார்கள். அந்தக் குழுவின் முகம் அலெக்சாண்டர் சிப்லி. வேலையை நடத்த அவர்கள் அனுப்பியவர் வில்லியம் ஃப்ரூ. மிஷிகனின் செம்புச் சுரங்கங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

ஆகஸ்ட் கடைசியில், சுமார் முப்பது ஆட்கள், இரண்டு குதிரைகள், ஒரு பெரிய மரத் தெப்பத்தோடு ஃப்ரூ வந்து இறங்கினார். ஏரி உறைய மூன்று மாதம்கூட இல்லை. தினமும் பொழுது விடியும் முன்னே ஆரம்பித்து இருட்டிய பிறகும் வேலை. பெரிய பெரிய மரச் சட்டங்களைப் பெட்டி மாதிரி கோத்து, பாறையைச் சுற்றித் தண்ணீருக்குள் இறக்கி, உள்ளே கல்லைக் கொட்டி நிரப்பினார்கள். இதுதான் அலைதடுப்புச் சுவர். அதுக்கு உள்பக்கம், நரம்பைச் சுற்றி இன்னொரு சுவர். அந்த இரண்டாம் சுவருக்குள் இருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டால் ஏரியின் அடித்தரை காய்ந்த தரையாகிவிடும். அங்கே நின்று நரம்பைத் தோண்டலாம்.

அக்டோபரில் ஒரு புயல். கட்டினதில் பாதியை ஏரி எடுத்துக்கொண்டு போய்விட்டது. சட்டங்களை இணைத்த இரும்பு ஆணிகளோடு சேர்த்து. மறுபடி கட்டினார்கள். குளிர்காலத்துப் புயல்கள் வந்தன, மறுபடி கட்டினார்கள். 1871 வசந்தத்துக்கு முன்னால் ஏரியின் பனிப்பாளங்கள் நகர்ந்து வந்து இடித்தன, மறுபடி கட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் சுவரை முன்பைவிட அகலமாக்கினார் ஃப்ரூ. ஏரியோடு அவர் நடத்திய பேச்சுவார்த்தை அதுதான்: நீ எவ்வளவு எடுக்கிறியோ அதைவிடக் கூடக் கொட்டுவேன். போகப் போகப் பாறை, அதன் மேல் கல், மரம், மறுபடி கல் என்று வளர்ந்து, தீவு அதன் பழைய அளவைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அதன் மேல் ஷாஃப்ட் கட்டடம், கொதிகலன், ஆட்கள் தங்கும் விடுதி என்று எல்லாம் வந்தன. ஏரிக்கு நடுவில் புகைபோக்கியோடு ஒரு குட்டித் தொழிற்சாலை மிதப்பது போல இருக்கும் அன்றைய படங்களில்.

இதெல்லாம் எதுக்காக, லாபம் வரும் முன்னாலேயே இவ்வளவு செலவா என்றால், லாபம் முதல் சீசனிலேயே வந்துவிட்டது. புயலுக்கும் பனிக்கும் நடுவில் எடுத்த தாதுவே அவ்வளவு செழிப்பு. முதலீட்டாளர்கள் குதித்தார்கள். மேல்மட்டத்தில் இருந்த அந்த முதல் கொத்துதான் சில்வர் ஐலெட்டின் பொற்காலம், மன்னிக்கணும், வெள்ளிக்காலம்.

சுரங்கத்தின் உள்ளே எப்படி இருக்கும்? செங்குத்தாக ஒரு ஷாஃப்ட். இந்தச் சொல்லை மொழிபெயர்க்க வேண்டாம்னு நினைக்கிறேன். கோலார் தங்கவயலில் வேலை பார்த்த தாத்தா யாராவது உங்க வீட்டில் இருந்தால் அவரும் ஷாஃப்ட் என்றுதான் சொல்லியிருப்பார். இன்னொரு ஒற்றுமையும் இருக்கு. சில்வர் ஐலெட்டில் பாறை உடைத்தவர்களில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளிகள் உண்டு. 1880-களில் கோலாருக்கு வந்து தமிழ்த் தொழிலாளிகளுக்கு மேஸ்திரி ஸ்தானத்தில் நின்றவர்களும் அதே கார்ன்வால்காரர்கள்தான். உலகத்தில் எங்கே குழி தோண்டினாலும் அன்னைக்கு ஒரு கார்ன்வால்காரர் இருப்பார்.

ஷாஃப்டிலிருந்து வெவ்வேறு ஆழங்களில் பக்கவாட்டில் சுரங்கப் பாதைகள். அங்கிருந்து நரம்பை மேல்நோக்கித் தோண்டி எடுப்பார்கள். எடுத்த இடம் உயரமான, குறுகலான வெற்றறையாக நிற்கும். வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி. இங்கேதான் அந்த வாயு திரும்ப வருகிறது. கீழ்மட்டங்களில் பாறைப் பொந்துகளைத் துளைத்தபோது உப்புத் தண்ணீரோடு எரிவாயுவும் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தது. மெழுகுவத்திச் சுடர் பட்டால் தீப்பிடித்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் இது சகஜம், வெள்ளிச் சுரங்கத்தில் யாரும் எதிர்பார்க்காத விஷயம். நரம்பில் கிராஃபைட்டும் இருந்தது. அன்றைக்கு அது ஒரு ஆபத்து, ஒரு விநோதம், அவ்வளவுதான். வெள்ளியை உலோகமாக்கிய ஆள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கலாம் என்பது இன்றைக்கு நாம் படிக்கும்போதுதான் தோன்றுகிறது.

எல்லாத்துக்கும் நடுவில் பம்ப். நீராவி பம்ப், ராத்திரி பகல் ஓடும். ஏரி நாலு பக்கமும் இருக்கு, பாறையில் பிளவு இருக்கு, ஏன்னா அந்தப் பிளவுதானே நரம்பே. தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். ஆழம் 384 மீட்டர் என்று சொன்னேன். சென்னை அண்ணா சாலை எல்ஐசி கட்டடத்தை ஏழு தடவை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம். ஏரியின் நீர்மட்டமே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 183 மீட்டர். அப்படின்னா சுரங்கத்தின் அடி, கடல்மட்டத்துக்கே 200 மீட்டர் கீழே. அந்த ஆழத்திலிருந்து ஒவ்வொரு சொட்டையும் மேலே தூக்கணும்.

1874 வாக்கில் முதல் கொத்து தீர்ந்துகொண்டு வந்தது. மிச்சம் இருந்தது வெள்ளி தூவினாற்போல இருக்கும் மட்டமான தாது. அதைக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் கப்பல் கூலிக்கே கட்டாது. அதனால் கரையில் ஒரு தாது இடிக்கும் ஆலை கட்டினார்கள். இரும்பு உலக்கைகள் வரிசையாக நின்று பாறையை மாவாக்கும். மாவிலிருந்து வெள்ளியைப் பிரிக்க ஃப்ரூ ஒரு கருவி செய்தார். கொஞ்சம் சாய்வான ரப்பர் பெல்ட் மெதுவாக மேல்நோக்கி ஓடும், அதோடு பக்கவாட்டில் குலுங்கிக்கொண்டும் இருக்கும், மேலிருந்து தண்ணீர் மெல்ல வழியும். லேசான கல்தூள் தண்ணீரோடு கீழே போகும், கனமான வெள்ளித்தூள் பெல்ட்டோடு ஒட்டி மேலே போகும். அம்மா முறத்தில் அரிசி புடைக்கிறதையும், களைந்து கல் அரிக்கிறதையும் ஒண்ணா சேர்த்து மெஷின் ஆக்கின மாதிரி. 'ஃப்ரூ வேனர்' என்ற பெயரில் அது வேறு வேறு நாட்டுச் சுரங்கங்களுக்கும் போனது. சில்வர் ஐலெட் உலகத்துக்குக் கொடுத்ததில் வெள்ளியைவிட அதிக நாள் உழைத்தது அந்தப் பெல்ட்தான் என்று நினைக்கிறேன்.

1875-இல் ஃப்ரூ விலகினார். ரிச்சர்ட் ட்ரெத்தவி என்பவர் பொறுப்பேற்றார். இரண்டு மூன்று வருடம் தரித்திரம். பிறகு 1878-இல் அதிர்ஷ்டம் மறுபடி கதவைத் தட்டியது: இரண்டாவது கொத்து. அதுவும் சில வருடங்களில் தீர்ந்தது. மூன்றாவது கொத்தைத் தேடிக் கீழே, இன்னும் கீழே என்று போனார்கள். நரம்பு இருந்தது, வெள்ளி இல்லை. அந்த மூன்றாவது கொத்து கிடைக்கவே இல்லை.

இதே நேரத்தில் சந்தையில் வெள்ளி விலை இறங்கிக்கொண்டிருந்தது. 1870-களில் ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறியது, அமெரிக்காவும் 1873-இல் வெள்ளி டாலர் அடிப்பதைச் சட்டத்திலிருந்து எடுத்தது. மேற்கு அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி கொட்டியது. அவுன்ஸ் 1.30 டாலருக்கு மேல் விற்றது, 1884 வாக்கில் 1.10 பக்கம் வந்துவிட்டது.

இப்போ போஸ்ட்மார்ட்டம் மீட்டிங்கை நடத்துவோம். ஒரு க்ளவுட் பில்லை நினைச்சுக்கோங்க. ஆப்பை ஒரு லட்சம் பேர் யூஸ் பண்ணாலும், ஒரு ஈ காக்கா வரலைன்னாலும், சர்வர் ஓடினா பில் வரும். பம்ப் அந்த சர்வர். நரம்பில் வெள்ளி இருக்கா இல்லையா என்பதெல்லாம் ஏரிக்குக் கவலை இல்லை. கசிவு கசிவுதான். இன்னும் மோசம், வெள்ளி தேடி ஆழம் போகப் போகத் தண்ணீரைத் தூக்கும் உயரம் கூடுகிறது, நிலக்கரி கூடுகிறது. அதாவது வருமானம் குறையக் குறையச் செலவு ஏறுகிறது. மத்த சுரங்கம்னா கையில் காசு இல்லாத காலத்தில் பூட்டிப் போட்டுவிட்டு, விலை ஏறும்போது வந்து திறக்கலாம். இங்கே 'பாஸ்' பட்டன் கிடையாது. பம்ப் ஓடினால் சுரங்கம், நின்றால் ஏரி.

1883 முடிவில் அந்தக் கப்பல் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? வசந்தம் வரைக்கும் பம்ப் ஓடியிருக்கும். அதுக்கப்புறம் இன்னொரு கப்பல் வேணும். அதுக்குப் பணம் தர முதலீட்டாளர்கள் வேணும். சிப்லி 1878-லேயே இறந்துவிட்டார். மூன்றாவது கொத்து இல்லை. செழிப்பாக இருந்த ஒரு சுரங்கத்தில், முழுக் குளிர்காலத்துக்கான எரிபொருளை உறைபனி வரும் சமயத்தில் ஒரே கப்பலில் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்களா? பணப்பெட்டி நிறைந்திருந்தால் ஆகஸ்டிலேயே குவித்திருப்பார்கள். ஃப்ரூ மாதிரி, தேவைக்கு மேல் கல் கொட்டியே பழகிய ஆள் இருந்திருந்தால் நிலக்கரியையும் அப்படித்தான் கொட்டியிருப்பார் என்பது என் ஊகம். 16 வருடத்தில் எடுத்த வெள்ளியின் மொத்த மதிப்பு சுமார் 32.5 லட்சம் டாலர். அதில் பெரும்பங்கு அந்த இரண்டு கொத்துகளிலிருந்து வந்ததுதான். குடிகார கேப்டன் கதை முதலீட்டாளர்களுக்கு ரொம்ப வசதியான கதை. தீர்ந்துபோன சொத்தை "தொலைந்துபோன புதையல்" ஆக்கிவிடுகிறது பாருங்க.

இன்னொரு கணக்கு பாக்கி இருக்கு. மான்ட்ரியல் கம்பெனி 1840-களில் நிலம் வாங்கியதுன்னு சொன்னேன் இல்லையா, யாரிடமிருந்து? காலனி அரசிடமிருந்து. ஆனா அந்தக் கரை அனிஷினாபே மக்களுடையது. ஒஜிப்வே என்றும் சொல்வார்கள். அவர்களோடு ஒரு உடன்படிக்கைகூட இல்லாமல் அரசு சுரங்க உரிமங்களை விற்றது. அவர்கள் மனு கொடுத்தார்கள், தலைவர்கள் நேரில் போய்ப் பேசினார்கள். 1849-இல் மைக்கா பே என்ற இடத்தில் ஒரு சுரங்கத்துக்குள் போய் வேலையை நிறுத்தினார்கள். அதுக்கப்புறம்தான் அரசு இறங்கி வந்து, 1850 செப்டம்பரில் ராபின்சன் உடன்படிக்கைகளில் கையெழுத்துப் போட்டது. மக்களுக்கு வருடாந்திரத் தொகை உண்டு. நிலத்திலிருந்து வரும் வருமானம் போதுமான அளவு கூடினால் அந்தத் தொகையும் கூடும் என்று ஒரு பிரிவும் அதில் இருந்தது.

தலைக்கு ஒன்றரை டாலர் சொச்சம் வந்துகொண்டிருந்த அந்தத் தொகையை 1875-இல் 4 டாலராக உயர்த்தினார்கள். சில்வர் ஐலெட் முதல் கொத்தைக் கறந்து முடித்திருந்த சமயம். அதுக்கப்புறம் அந்தப் பகுதியில் எத்தனையோ சுரங்கம், காடு, ரயில் எல்லாம் வந்தன. தொகை நகரவில்லை. 2024 ஜூலையில் கனடா உச்ச நீதிமன்றம், வாக்குறுதியை அரசு ஒன்றரை நூற்றாண்டாக மீறி வந்திருக்கிறது என்று ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னபோதும் அந்த வருடத் தொகை தலைக்கு 4 டாலர்தான்.

தூங்கும் ராட்சசனைப் பற்றி அங்கே ஒரு கதை சொல்வார்கள். நானபிஜூ என்ற ஆவி, வெள்ளி இருக்கும் இடத்தை வெளியார் யாருக்கும் சொல்லக் கூடாது என்று மக்களுக்குச் சொன்னதாம். ரகசியம் வெளியே போனதும் கல்லாகிப் படுத்துவிட்டதாம். சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் கதையில் தப்பு ரகசியத்தைச் சொன்ன உள்ளூர்க்காரர் மேல் விழுகிறது. கப்பல் கேப்டன் கதையும் இதே டிசைன்தான்.

இன்றைக்குக் கரையில் அந்தத் தொழிலாளிகள் குடியிருந்த மர வீடுகள் கோடைக்கால வீடுகளாகிவிட்டன. தீவு மறுபடி சின்னதாகிவிட்டது. ஃப்ரூ கொட்டியதை ஏரி நிதானமாகத் திரும்ப வாங்கிக்கொண்டது. மேப்பில் சேட்டிலைட் வியூ போட்டு சில்வர் ஐலெட் என்று தேடி நல்லா ஜூம் பண்ணுங்க. அமைதியான நாளில் எடுத்த படமாக இருந்தால், அந்தக் குட்டிப் பாறையைச் சுற்றித் தண்ணீருக்கு அடியில் மரச் சட்டங்கள் போட்ட கோடு கறுப்பாகத் தெரியும்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.